காம்பவுண்டுக்குள் வண்டி விட்டால் காசு: எங்கள் நிலைப்பாடு

எங்கள் குடியிருப்போர் குழுவிடம் சென்ற மாதம் ஓர் அம்மா ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் நீல பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது: ‘2 மாச வண்டி பாக்கி 600, பைன் 500.’ கையெழுத்து இல்லை, தேதி இல்லை, யார் யாருக்கு எழுதியது என்பதும் இல்லை. வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டு வாசலில் நின்ற அவருடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் பின்சக்கரக் கம்பிகளுக்குள் சங்கிலி விட்டுப் பூட்டியிருந்தார்கள். கடை கடையாக இட்லி மாவு போட்டுப் பிழைக்கிறவர் அவர். மூன்று நாள் மாவுப் பாக்கெட்டுகளைக் கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்தார். மிஞ்சியது புளித்தது.

மூன்று வருடமாக அதே இடத்தில்தான் அந்த வண்டி நின்றது. யாரும் காசு கேட்கவில்லை. மாடியில் குடிவந்தவர் கார் வாங்கினார். கார் வந்ததும் நான்கு வண்டிகள் நின்ற இடம் போயிற்று. சண்டை வந்தது. தரைக்குப் பேவர் பிளாக் போட்டு, கேமரா மாட்டி, இருசக்கர வண்டிக்கு மாதம் 300 ரூபாய் என்று கேட்டில் எழுதி ஒட்டினார் வீட்டு உரிமையாளர். ‘என் இடம், நான் செலவு பண்ணினேன், நான் கேட்கிறேன்’ என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தைக் கேலி செய்ய நாங்கள் தயாரில்லை. இடம் அவருடையதுதான். வண்டி நிறுத்த இடம் கொடுத்து அதற்குக் காசு கேட்பது குற்றமும் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போகும்போது யாரோ ஒருவரின் காலி மனையில் வண்டியை விட்டு டோக்கன் வாங்குகிறோம். அங்கே யாரும் வழக்குப் பேசுவதில்லை. உள்ளே நுழையும்போதே கட்டணம் தெரியும், பிடிக்காவிட்டால் அடுத்த மனைக்குப் போகலாம். குடியிருக்கும் வீட்டில் அப்படி அடுத்த மனை கிடையாது. அட்வான்ஸ் கொடுத்து, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்ட பிறகு, நடுவில் ஒருநாள் கேட்டில் ஒட்டுகிற தாள் ஒப்பந்தமாகாது. குடிவரும்போது வண்டி நிறுத்தும் வசதியும் சேர்ந்தே கிடைத்திருந்தால், அது வாடகைக்குள் அடங்கியது என்றுதான் நாங்கள் கொள்கிறோம். அதற்குத் தனிக்காசு வேண்டுமானால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேசி, இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு முன் கேட்கும் பாக்கியைக் கட்டவேண்டாம் என்பதே இந்தக் குழுவின் முடிவு.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் (2017-ல் இயற்றியது) பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். ஆகவே எங்கள் ஊரான பேரையூருக்கும் பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும், வாங்கிய பணத்துக்கு ரசீது தரவேண்டும் என்கிறது அது. குடியிருப்பவருக்கு மறுக்கக்கூடாத அத்தியாவசிய வசதிகள் என்று தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு ஆகியவற்றோடு வண்டி நிறுத்தத்தையும் சேர்த்தே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயை அடைத்தால் ஊரே கூடிவிடும். வண்டியைப் பூட்டினால் ‘காசைக் கொடுத்துட்டு எடும்மா’ என்று சமாதானம் பேசுகிறோம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே வகைச் செயல்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள்தான். பல வீடுகளில் அதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் போனால் முதல் கேள்வியிலேயே திணற நேரிடும். இதில் உரிமையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. பதிவு என்றதும் அலைச்சல் என்று குடியிருப்பவர்களும்தான் ஒதுங்குகிறோம். மாவு விற்கும் அம்மாவின் ஒப்பந்தத்தில் வீடு, குளியலறை, பொதுத் தொட்டி எல்லாம் இருக்கிறது. வண்டி என்ற சொல் எங்குமே இல்லை. இருந்திருந்தால் அந்தக் காலண்டர் தாளுக்கு வேலையே வந்திருக்காது.

அபராதம் என்பது வேறு விஷயம். அதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லை. அபராதம் விதிப்பது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய அதிகாரம். வீட்டு உரிமையாளருக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ வாட்ச்மேனுக்கோ அது கிடையாது. ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருந்தாலும், 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. இங்கிலாந்து நம்மைவிடக் கறார். அங்கே ஒரு வணிக வளாகத்தில் இரண்டு மணி நேர இலவச நேரத்தைத் தாண்டி 56 நிமிடம் கார் நின்றதற்கு விதித்த 85 பவுண்டு செல்லும் என்று 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பிலும் ஒரு பாடம் உண்டு. வளாகம் முழுக்கப் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகைகள் இருந்தன, நுழைகிறவர் கண்ணில் அவை படாமல் போகாது என்பதும் கட்டணம் நிற்க ஒரு காரணம். முன்கூட்டிச் சொல்லாத கட்டணத்துக்கு அங்கேயும் இடமில்லை.

இங்கிருந்து போய் மதுரையில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களின் கேள்வி இன்னொரு வகை. வாடகை கொடுப்பவர்கள் அல்ல இவர்கள், உரிமையாளர்கள். மனையில் தங்களுக்கான பிரிக்கப்படாத பங்கையும் (யு.டி.எஸ்.) பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் கட்டியவர் வண்டி இடத்தைத் தனியாக விற்கிறார், அல்லது சங்கம் மாதாமாதம் வாடகை மாதிரி வசூலிக்கிறது. மும்பை தகிசரில் இதேபோன்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நகல்சந்த் லாலுசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்கும் இடையிலான அந்த வழக்கில், தூண்களுக்கு இடையே திறந்து கிடக்கும் ஸ்டில்ட் இடம் கராஜ் ஆகாது, அது பொது இடம், கட்டியவர் அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதிகள் லோதா, பட்நாயக் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. இங்கே அப்படியே ஒட்டிவிடலாம் என்று நாங்கள் யாருக்கும் நம்பிக்கை கொடுக்கமாட்டோம். ஆனால் 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) நாடு முழுமைக்குமானது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ளதுதான் கராஜ் என்கிறது. திறந்தவெளி வண்டி இடத்தைப் பொதுப் பகுதியில் சேர்க்கிறது. பொதுப் பகுதியைக் கட்டியவர் விற்றிருந்தால், ரெரா பதிவு பெற்ற கட்டடமாக இருக்கும்பட்சத்தில் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்.

சங்கம் கேட்கும் மெயின்டனன்ஸ் பணத்தை மட்டும் இதோடு குழப்பவேண்டாம். விளக்கு, வாட்ச்மேன் சம்பளம், பெருக்குகிற அம்மாவின் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. வண்டிச் சண்டையைச் சாக்கு வைத்து அதை நிறுத்துகிறவர்களுக்கு எங்கள் குழு துணை நிற்காது. கணக்கு கேளுங்கள், கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

இப்படிச் சீட்டு வந்தால் முதலில் செய்யவேண்டியது, பூட்டிய வண்டியைத் தேதி தெரியும்படி போட்டோ எடுப்பது. பிறகு எந்த ஒப்பந்தத்தின்படி இந்தத் தொகை என்று கேட்டு ஒரு கடிதம், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில். வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுவது பிறகு நமக்கே எதிராக வந்து நிற்கும். வாடகையை மட்டும் ஒரு மாதம்கூட நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பேச்சு வண்டியிலிருந்து வாடகைப் பாக்கிக்குத் திரும்பிவிடும், பிறகு காலி செய்யச் சொல்வதற்கு உரிமையாளருக்கே காரணம் கிடைத்துவிடும்.

எங்கள் குழுவிலேயே காம்பவுண்டு வீடு வைத்து வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்த அறிக்கையை வாசித்த அன்று ஒருவர், அடுத்த ஒப்பந்தத்தில் வண்டிக் கட்டணத்தைத் தனி வரியாக எழுதுவதாக ஒப்புக்கொண்டார். மற்றவர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார், இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மாவின் சங்கிலியை நான்காம் நாள் காலையில் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். கேட்டில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது.