தூக்குக் கயிறு யாருடைய கழுத்தைத் தேடுகிறது?

திருவண்ணாமலை தேரடி வீதி. டீக்கடை பெஞ்சில் காலைப் பத்திரிகை விரிகிறது. எங்கோ ஓர் ஊரில் கடையில் கொள்ளை, தடுத்தவர் கொலை. ஒருவர் படித்து முடிப்பதற்குள் பக்கத்திலிருந்து தீர்ப்பு வந்துவிடுகிறது: "இவனுகளைத் தூக்கில் போடணும்!"

சொன்னவர் யார்? மண்டியில் மூட்டை சுமப்பவர்; மில் தொழிலாளி; கரும்பு வெட்டப் போகும் விவசாயக் கூலி. அவருடைய கோபம் நியாயமானது. கொள்ளையர் கையில் சாகிறவர் எப்போதும் கடை முதலாளி அல்ல. கடையிலேயே படுத்துறங்கும் சிப்பந்தியும், இராக் காவலாளியும் சாகிறார்கள். அவர்களும் நம் வர்க்கத்தவர்களே. அவர்கள் குடும்பத்தின் கண்ணீரை மறந்து பேச நமக்கு உரிமையில்லை.

ஆனால், தோழர்களே, கோபம் ஆறிய பின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தக் கயிறு குற்றத்தின் அளவைப் பார்த்து விழுகிறதா, குற்றவாளியின் நிலையைப் பார்த்து விழுகிறதா?

பக்கத்து ஆந்திராவில் நடந்ததைப் பார்ப்போம். 1993 மார்ச் 8. ஐதராபாத்திலிருந்து சிலகலூரிப்பேட்டைக்குச் சென்ற பஸ்ஸில் சலபதி ராவ், விஜயவர்தன ராவ் என்ற இரண்டு தலித் வாலிபர்கள் பெட்ரோலுடன் ஏறினார்கள். பயணிகளிடம் கொள்ளையிடுவது அவர்கள் திட்டம். பெட்ரோல் சிந்தியது, தீப்பற்றியது. 23 பேர் கருகி மாண்டனர். நினைத்தாலே நெஞ்சு பதறும் கொடுமை அது. யாரும் அதை நியாயப்படுத்த முடியாது, நாமும் நியாயப்படுத்தவில்லை.

1995ல் செஷன்ஸ் கோர்ட்டு இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1996ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. ஜனாதிபதி கருணை மனுவைத் தள்ளினார். 1997 மார்ச் 29 என்று நாளும் குறித்தாயிற்று. மனித உரிமை இயக்கத்தினர் ஓய்ந்துவிடவில்லை. எழுத்தாளர் மகாசுவேதா தேவி போன்றோர் மனுக் கொடுத்தனர். குறித்த நாளுக்கு முந்திய இரவில் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை நிறுத்தி வைத்தது. 1998ல் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

அவர்களை விடுதலை செய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிறையில் இருக்கட்டும், உயிரை மட்டும் பறிக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள். அந்தக் குரல் எழாதிருந்தால் ஒரே இரவில் எல்லாம் முடிந்திருக்கும். குரல் எழுப்ப நாதியற்றவர்கள் கதி என்ன?

இது நம் மனக்கசப்பில் பிறந்த பேச்சல்ல. 1980ல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் நால்வர், "அரிதினும் அரிதான" வழக்கில் தூக்கு செல்லும் என்றனர். ஐந்தாவது நீதிபதி பகவதி மறுத்தார். தூக்குத் தண்டனையில் வர்க்கப் பாகுபாடு இருக்கிறது, ஏழைகளே அதற்குப் பெரிதும் இரையாகிறார்கள் என்பது அவர் கருத்து. டில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தூக்குக் கைதிகளை ஆராய்ந்து 2016ல் வெளியிட்ட அறிக்கை அதை மெய்ப்பித்தது. கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்!

பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். 1978ல் அட்லாண்டா நகரில் ஒரு மரச்சாமான் கடையில் நால்வர் கொள்ளையிட்டனர். வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மெக்கிளெஸ்கி என்ற நீக்ரோவுக்கு மரண தண்டனை கிடைத்தது. செத்தவர் வெள்ளையராக இருந்தால், கொன்றவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று ஜார்ஜியா மாகாணத்து வழக்குகளை ஆராய்ந்த நிபுணர்கள் காட்டினர். 1987ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஒதுக்கிவிட்டது. 1991ல் மின்சார நாற்காலி அவர் உயிரைக் குடித்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாவெல், ஓய்வு பெற்ற பின் தன் ஓட்டை மாற்றிப் போட விரும்புவதாகச் சொன்னார். செத்தவர் திரும்பி வருவாரா?

அங்கே தோல் நிறம். இங்கே சாதியும் பணமும். பணம் படைத்தவனுக்குக் கைதான அன்றே பெரிய வக்கீல் வந்து நிற்கிறார். கூலிக்காரனுக்கோ, தன் வழக்கு என்னவென்று புரிவதற்குள் பாதி சாட்சிகள் முடிந்துவிடுகின்றன. கீழ்க் கோர்ட்டில் கேட்கத் தவறிய கேள்வியை மேல் கோர்ட்டில் கேட்டுப் பயன் என்ன?

2015ல் சட்டக் கமிஷன், பயங்கரவாத வழக்குகளைத் தவிர மற்றவற்றில் தூக்கை ஒழிக்கச் சிபாரிசு செய்தது. சர்க்கார் கேட்டதா? 2024 ஜூலை 1ல் அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் தூக்கு இருக்கிறது. ஐவர் சேர்ந்து கொள்ளையிடும்போது ஒருவன் கொலை செய்தால், ஐவருக்குமே தூக்கு விதிக்க அதில் இடம் உண்டு!

கொலைகாரனைச் சிறையில் வை. செத்த தொழிலாளியின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடு. பிள்ளைகளைப் படிக்க வை. ஏழைக்கு முதல் நாளிலிருந்தே நல்ல வக்கீலைக் கொடு. இவையே நமது கோரிக்கைகள். தூக்குமரம் இவற்றில் ஒன்றையும் தராது.

நாளை அதே பெஞ்சில் அதே பேச்சு எழும். தோழர்களே, அப்போது வாய்மூடி இருக்க வேண்டாம். "அண்ணே, இதுவரை தொங்கியவர்களில் பணக்காரன் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.