கையளவு நாடா

போன வாரம் பேத்தியின் ஆண்டு நிறைவுக்குக் காப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஒன்று-எட்டு சரியாக இருக்கும் மாமி. ஆனால் ஒன்று-பத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் கை பருத்துவிடும்" என்றார். வளையல் அளவு தெரியாதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஒன்று-எட்டு என்றால் குறுக்களவு ஒன்றரை அங்குலம்.

வீட்டுக்கு வந்து காப்பைப் பூட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது வேறோர் அளவு நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் அது என்னை விடவில்லை. இந்த வாரம் வெறும் நகைக்கடைப் பேச்சுத்தானா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பஞ்சம் பீடித்த தேசங்களில் குழந்தைகளைப் பரிசோதிக்க ஒரு நாடா வைத்திருக்கிறார்கள். தையற்காரர் நாடா மாதிரிதான், ஆனால் ஒரு முழம்கூட இராது. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வர்ணங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அதைச் சுற்றிப் பார்ப்பார்கள். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. அதற்குக் குறைந்தால் மஞ்சள். 11.5 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் சிவப்பு. சிவப்பு என்றால், உடனே கவனிக்காவிட்டால் அந்தக் குழந்தை தக்குவது கஷ்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11.5 சென்டிமீட்டர் சுற்றளவுக்குக் குறுக்களவு ஒன்றரை அங்குலம்கூட இல்லை. என் பேத்தியின் மணிக்கட்டுக்கு வாங்கிய காப்பு, நாலு வயதுக் குழந்தையின் மேல்கையைச் சுற்றி வந்து இன்னும் தொளதொளவென்று நிற்கும்!

இந்த நாடா அதிகம் புழங்கும் தேசங்களில் ஒன்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில் உள்ள ஸோமாலியா. அங்கே பாதிப்பேர் ஆடு, மாடு, ஒட்டகத்தை நம்பிப் பிழைப்பவர்கள். புல் இருக்கும் இடம் தேடிக் குடும்பத்தோடு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நமக்குப் பிடிக்கும்படியான ஒரு சங்கதி சொல்கிறேன். அந்த நாடோடிகளிடையே வீடு கட்டுவது பெண்கள் வேலை. வளைத்த கொம்புகளின்மேல் பெண்களே முடைந்த பாய்களைப் போர்த்தி எழுப்பும் அந்தக் குடிலுக்கு 'அகல்' என்று பெயர். கல்யாணத்தின்போது பெண் வீட்டு ஸ்திரீகள் கூடி அதைத் தயார் செய்து தருவார்கள். இடம் மாறும்போது வீட்டைப் பிரித்து ஒட்டகத்தின்மேல் ஏற்றுவதும் இல்லத்தரசிதான். நம் வீட்டுச் சாமான்களை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு மாற்றவே நாம் படும் பாடு நமக்குத் தெரியும்!

அங்கே வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 'கு'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'டெய்ர்'. ஒரு பருவம் பொய்த்தால் சமாளித்துவிடுவார்கள். பரம்பரையாகப் பழகிய வித்தை அது. இரண்டாவதும் பொய்த்தால் ஆடு மாடுகளின் மடி வற்றும். அங்கே குழந்தைகளுக்குப் பால்தான் பிரதான ஆகாரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலுக்குப் பதில் தானியம் வாங்கலாம் என்று குடும்பத் தலைவன் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போவான். ஊரில் எல்லோரும் அதே தினத்தில் அதே யோசனையோடு வந்திருப்பார்கள். மெலிந்த ஆட்டுக்கு விலை விழுந்துவிடும். சோளத்தின் விலையோ ஏறியிருக்கும். போன வருஷம் ஓர் ஆட்டை விற்று வாங்கிய தானியத்துக்கு இந்த வருஷம் பல ஆடுகள் கொடுக்க வேண்டும். கடையில் மூட்டை இருக்கும், கையில் காசு இராது. பஞ்சம் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

இதோடு சண்டையும் சேர்ந்துகொண்டால்? 1991-இல் அரசாங்கம் கவிழ்ந்ததிலிருந்து அந்தத் தேசத்தில் துப்பாக்கிச் சத்தம் முழுக்க ஓய்ந்ததே இல்லை. 2011-இல் தெற்குப் பகுதியில் பெரும்பங்கு 'அல் ஷபாப்' என்ற ஆயுதக் கூட்டத்தின் கையில் இருந்தது. உதவி ஸ்தாபனங்கள் பலவற்றை அவர்கள் உள்ளே விடவில்லை. மறுபுறம், கொடுக்கும் உதவி அந்தக் கூட்டத்தின் கைக்குப் போய்விட்டால் அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகுமே என்று கொடுப்பவர்களும் தயங்கினார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. ஜனங்கள் நடக்கத் தொடங்கினார்கள். கென்யா எல்லைக்கு அப்பால் உள்ள டடாப் அகதி முகாமுக்கு வாரக்கணக்கில் நடை. வழியில் எந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க நேர்ந்ததாக முகாமுக்கு வந்து சேர்ந்த தாய்மார் சொன்னார்கள். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

2011 ஜூலை 20-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை, ஸோமாலியாவின் இரண்டு பிராந்தியங்களில் பஞ்சம் நிலவுவதாக முறைப்படி அறிவித்தது. அதன்பிறகுதான் பத்திரிகைகளில் படங்கள் வந்தன, பணமும் மளமளவென்று வந்தது. ஆனால் பின்னால் கணக்கெடுத்தபோது தெரியவந்தது என்ன? 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 2,58,000 பேர். அதில் பாதிக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

ஏன் இத்தனை தாமதம் என்கிறீர்களா? 'பஞ்சம்' என்று சொல்ல சர்வதேச இலக்கணம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு ஆகாரம் அறவே இல்லாமல் போக வேண்டும். 100 குழந்தைகளில் 30 பேராவது இளைத்துத் துரும்பாகியிருக்க வேண்டும். 10,000 ஜனங்களுக்குத் தினம் 2 பேர் வீதம் செத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் கூடினால்தான் அந்தப் பெயர். நிபுணர்களுக்கு இது அவசியம்தான். வெறும் கூச்சலையும் மெய்யான பஞ்சத்தையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டாமா? அவர்களும் அறிவிப்புக்கு எத்தனையோ மாதம் முன்பிருந்தே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தப்பு, அந்தப் பெயர் வரட்டும் என்று காத்திருந்தவர்களுடையது. உலை வைக்கத் தீர்மானிப்பதற்கு முன் வீட்டில் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்று கணக்குக் கேட்பார் உண்டா?

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1876-78-இல் சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நம் கொள்ளுப்பாட்டிகள் கதையாகச் சொல்லக் கேட்ட குடும்பங்கள் இன்றும் உண்டு. அதற்குப் பிறகு 1880-களில் வெள்ளைக்கார சர்க்கார் பஞ்ச நிவாரண விதிகளை எழுதி வைத்தது. தானிய விலை திடீரென்று ஏறுகிறதா, ஜனங்கள் கும்பலாக ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா என்று அதிகாரிகள் கவனித்து, சாவு விழுமுன் வேலையும் கூலியும் கொடுக்க ஏற்பாடு. உலகத்தில் இன்றுள்ள பஞ்ச எச்சரிக்கை முறைகளுக்கெல்லாம் அது ஒரு மூதாதை. அப்படியிருந்தும் 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தபோது, அந்த விதிகளின்படி பஞ்சம் என்று அறிவிக்காமலே இருந்துவிட்டார்கள்.

ஸோமாலியாவுக்குத் திரும்புவோம். 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை ஐந்து மழைக்காலங்கள் வரிசையாகப் பொய்த்தன. போதாக்குறைக்கு 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம். ஸோமாலியா வாங்கும் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது! எங்கோ நடக்கும் சண்டைக்கு மொகடிஷுவில் ரொட்டி விலை ஏறியது. அந்தத் தடவை உதவி முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. அதனால் பஞ்சம் என்ற அறிவிப்புக்கு அவசியம் நேரவில்லை என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்தும் அந்த ஒரு வருஷத்தில் வறட்சியால் அதிகப்படியாக இறந்தவர்கள் 43,000 பேர் இருக்கலாம் என்று ஸோமாலிய சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் வெளியிட்ட ஆராய்ச்சி மதிப்பிட்டது. அதிலும் பாதி சிறு குழந்தைகள்.

பிறகு மழை வந்தது. எப்படி வந்தது தெரியுமா? 2023 மே மாதம், எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழையில் ஷபெல்லே நதி கரை புரண்டு பெலட்வெய்ன் என்ற நகரத்துக்குள் புகுந்தது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஓடினார்கள். அக்டோபர், நவம்பரில் நாடு பூராவும் வெள்ளம். நூற்றுக்கு மேல் உயிர்ச்சேதம், பத்து லட்சம் பேருக்கு வீடு வாசல் இல்லை. காய்ந்து கட்டாந்தரையாகிவிட்ட பூமி ஜலத்தை உறிஞ்சாது. கிணற்று நீரில் கழிவு நீர் கலந்து காலரா கிளம்பும். வறட்சியில் தப்பிய நாலு ஆடுகளையும் வெள்ளம் கொண்டுபோகும். மழை இல்லையே என்று அழுதவர்களுக்கு மழை வந்து செய்த உபகாரம் இது.

இவ்வளவு துயரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்திரீயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. டாக்டர் ஹாவா அப்தி, 1947-இல் பிறந்தவர். சிறு வயதில் தாயார் கர்ப்பக் கோளாறினால் இறந்துபோக, அந்த வைத்தியத்தையே படிப்பது என்று வைராக்கியம் கொண்டு, அப்போது சோவியத் யூனியனைச் சேர்ந்திருந்த கீவ் நகரத்தில் படித்துப் பிரசவ டாக்டரானார். 1983-இல் மொகடிஷுவுக்கு வெளியே தம் குடும்ப நிலத்தில் ஒற்றை அறை ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். சண்டையும் பஞ்சமும் வந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் அந்த நிலத்திலேயே இடம் கொடுத்தார். ஒரு காலத்தில் அங்கே தங்கியிருந்தவர்கள் சுமார் 90,000 பேர்!

அத்தனை பேருக்கும் அவர் வைத்த சட்டம் இரண்டுதான். யாரும் குலப் பெருமை பேசக்கூடாது. எந்தப் புருஷனும் மனைவியை அடிக்கக்கூடாது. அடித்தவனை அடைத்து வைக்க ஓர் அறையும் இருந்தது. (இந்த இடத்தில் சில சகோதரிகள் பத்திரிகையைக் கணவர் பக்கமாக நகர்த்தி வைப்பீர்கள் என்று நினைக்கிறேன்.) 2010-இல் ஆயுதக் கூட்டம் ஒன்று நூற்றுக்கணக்கில் வந்து ஆஸ்பத்திரியை உடைத்து நொறுக்கி, பொறுப்பைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி மிரட்டியது. நான் என் ஜனங்களுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறேன், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார் அந்த அம்மாள். முகாமிலிருந்த பெண்கள் திரண்டு நின்றார்கள். கடைசியில் வந்தவர்கள் பின்வாங்கியதோடு மன்னிப்பும் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2020 ஆகஸ்டில் அவர் காலமானார். அவருடைய இரண்டு பெண்களும் டாக்டர்கள்.

நாடாவில் சிவப்புக் காட்டிய குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்க மாட்டீர்களா? நிலக்கடலை விழுது. கடலையோடு பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துப் பொருள்கள் சேர்த்து 92 கிராம் பொட்டலமாகக் கட்டியிருக்கும். 1990-களில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தது. தண்ணீர் சேர்க்க வேண்டாம், அடுப்பும் வேண்டாம், ஓரத்தைக் கிழித்துக் குழந்தை தானே சப்பிச் சாப்பிடலாம். அதற்கு முன்பு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பால் கரைத்துக் கொடுத்தார்கள். நல்ல ஜலம் இல்லாத ஊரில் பாலே விஷமாகிவிடும் அல்லவா?

இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. சுகாதார ஊழியர் எப்போதோ ஒரு நாள் வந்து அளப்பதற்குப் பதில் நாடாவைத் தாயாரிடமே கொடுத்துவிட்டால் என்ன என்று நைஜர் நாட்டில் சிலர் யோசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எப்படி அளப்பார்கள் என்று ஆட்சேபம் எழாமல் இல்லை. செய்து பார்த்ததில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் அளந்ததற்குக் கொஞ்சமும் குறையாமல் அளந்தார்கள். குழந்தை ரொம்ப மெலிவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது ஸோமாலியாவிலும் தாய்மாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

2025-இல் அமெரிக்க சர்க்கார் தன்னுடைய வெளிநாட்டு உதவி இலாகாவையே மூடிவிட்டது. வேறு சில பணக்கார தேசங்களும் கையைச் சுருக்கிக்கொண்டன. ஸோமாலியாவில் கடலை விழுதுப் பொட்டலம் கொடுத்துவந்த நிலையங்கள் பல அந்த வருஷம் சாத்தப்பட்டன. குடிசையில் உட்கார்ந்து நாடாவைச் சுற்றிப் பார்த்து, சிவப்பு என்று கண்டுகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வருகிறாள் ஒரு தாய். கதவில் பூட்டுத் தொங்குகிறது. அடுத்த நிலையம் எங்கே என்று யாரிடம் கேட்பாள்?