கழிவு மட்டும் அச்சாகாத சம்பளச் சீட்டு

தோட்டக் குழுமத்தின் சம்பளப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

கோலா கிளாவாங் வட்டாரத்தில் உங்கள் தோட்டத்துத் தொழிலாளர் கையில் வாங்கும் சம்பளச் சீட்டு வலப்பக்கம் வெட்டுப்பட்டு வருகிறது. பெயர், வேலை நாள், மொத்தச் சம்பளம் வரை இருக்கிறது. சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, முன்பணப் பிடித்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மனுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் ‘கணினிக் கோளாறு’ என்ற ஒரே பதில். சட்டம் உங்களுக்குத் தெரியும். அதை இங்கே ஓதவில்லை. அந்தக் கோளாற்றைப் பற்றி மட்டும் பேசுவோம். உங்கள் கணக்கு ஓடுவது ஐபிஎம் 1988-இல் கொண்டுவந்த ஏஎஸ்/400 வழிவந்த கணினியில். தாளின் அகலம், நீளம், எழுத்து நெருக்கம் எல்லாம் அதன் ‘பிரிண்டர் ஃபைல்’ என்ற அமைப்பில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவைத் தொடாமல், ஓடுகிற வேலைக்கு மட்டும் வேறு அளவு சொல்லும் கட்டளைதான் ‘ஓவர்ரைட்’. வரிக்கு 132 எழுத்து என்றிருப்பதை அதில் 80 ஆக்கினால் 81-இலிருந்து எல்லாம் உதிரும். மிச்சத்தை அடுத்த வரியில் மடித்து அச்சிடும் வசதியும் உண்டு, ஆனால் யாராவது கேட்டால்தான் அது நடக்கும். ஓவர்ரைட்டுக்கு ஆயுள் குறைவு; வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. மாதந்தோறும் அதே இடத்தில் வெட்டு விழுகிறதென்றால், மாதந்தோறும் அந்தக் கட்டளை போகிறது. அதை எழுதியது ஒரு மனிதர். தோட்டத்துக் கிராணியைக் கைகாட்டாதீர்கள். அவரிடம் வருவதே அச்சான தாள்தான்.

அகலத் தாளை விட்டு ஏ4-க்கு மாறினோம், இடம் கொள்ளவில்லை என்பீர்கள். அதே கட்டளையில் அங்குலத்துக்கு 10 எழுத்து என்பதை 16.7 ஆக்கினால் 132 எழுத்தும் எட்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஏ4 அதைவிட அகலம். கணினிக்குள் கணக்கு சரியாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், அதைப் பார்ப்பது நீங்கள். சேமநிதியைக் கைப்பேசியில் பார்க்கலாமே என்றால், முன்பணத்தில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று அங்கே யார் சொல்வது? 80-ஆவது எழுத்தோடு நிற்பது கழிவின் அச்சுதான், கழிவு நிற்கவில்லை. கோளாறு ஒரு மாதமாவது தவறிப்போய்ப் பிடித்தத்தை மறந்திருந்தால் அதைக் கோளாறு என்று நம்பியிருப்போம்! எங்கே வெட்ட வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த கோளாற்றுக்கு நீங்கள் பதவி உயர்வே கொடுக்கலாம்.

அந்த ஓவர்ரைட் வரியை நீக்குங்கள். வெட்டுப்பட்ட மாதங்களின் சம்பள அறிக்கையைத் திரும்ப ஓட்டி, முழுச் சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அந்தக் கட்டளையைப் போடச் சொன்னது யார் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் நலம் நாடும் ஒருவன்
கோலா கிளாவாங்