பசித்தவனும் கொம்பனியும்

கொம்பனித்தெரு இளைஞர் சிலருடன் அண்மையில் ஒரு மாலைப்பொழுது பேசிக்கொண்டிருந்தோம். நாம் கொண்டுசென்றது ஒல்லாந்து ஓவியர் ரெம்பிரான்ட் 1648ஆம் ஆண்டளவில் செப்புத் தகட்டில் வரைந்த 'நூறு கில்டர் படம்'. மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் அந்த ஒரே தகட்டில் அடங்கியிருக்கிறது. நடுவில் இயேசு. அவர் காலடியில் பாயில் கிடக்கும் நோயாளி, தள்ளுவண்டியில் கொண்டுவரப்பட்ட ஒருவர், குழந்தையை ஏந்திவரும் தாய், அவளைத் தடுக்கப் பார்க்கும் சீடர். செல்வந்த இளைஞன் முகத்தில் கைவைத்து அமர்ந்திருக்கிறான். வாயிலருகே ஓர் ஒட்டகம். ஏனென்று நற்செய்தியை வாசிப்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழைகள் நடுவே நிற்கும் ஆண்டவரின் படத்துக்கு அதன் விலையே பெயராகிப்போனதுதான் வேடிக்கை.

அதற்கும் முந்தியது, நெதர்லாந்துப் பகுதி ஓவியர் பீற்றர் புரூகல் வரைந்த 'அன்பு' என்னும் செதுக்குப்படம், 1559. பசித்தோருக்கு அப்பம், ஆடையற்றோருக்கு உடை, சிறைப்பட்டோரைச் சந்தித்தல் என இரக்கச் செயல்கள் ஏழும் ஒரு சாதாரண ஊர்த்தெருவில் நடக்கின்றன. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று அந்த நெரிசலில் சட்டெனப் பிரித்தறிய முடியாது.

இத்தகைய படங்களை வாங்கி மகிழ்ந்த நாட்டின் கொம்பனியே 1656இல் கொழும்பைக் கைப்பற்றியது. 1659 முதல் 1661 வரை தஞ்சையைப் போரும் பஞ்சமும் வாட்டின. பசி தாங்காது விலைப்பட்ட ஆயிரக்கணக்கானோரைக் கொம்பனி கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது. கொழும்பில் கொம்பனியின் அடிமைகள் வைக்கப்பட்ட இடமே பேரே வாவியோரத்து இந்தக் கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் 'அடிமைத்தீவு' என்ற பெயரே நெடுங்காலம் நிலைத்திருந்தது. படத்தில் பசித்தவனுக்கு அப்பம் கிடைத்தது. கரையில் பசித்தவனே சரக்கானான்.

ஒல்லாந்தரை ஏசிவிட்டு எழுந்துவிட நமக்கு மனமில்லை. அவர்களுக்கு முன் ஆண்ட போர்த்துக்கேயரும் அடிமைகளை வைத்திருந்தனர். அவர்கள் நமது திருச்சபையினர். ஒல்லாந்தரின் தடையை மீறி 1687இல் இங்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளார், 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்டவர்களைத் தாமே பராமரித்தார். அவர் கையில் படம் எதுவும் தேவைப்படவில்லை.

"இதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?" என்று இளைஞரைக் கேட்டோம். ஒரு தம்பி தள்ளுவண்டியைக் காட்டினான். பின்பு இடப்பக்கம், நன்றாக உடுத்துத் தமக்குள் விவாதித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைத் தொட்டு, "நீங்கள் இவர்களோடு, பாதர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், வேறு வழியின்றி.

அவன் சொன்னதில் தவறில்லை. நிவாரணப் பொதி கொடுக்கும்போது மக்களை வரிசையில் நிறுத்தி, பதாகையைப் பிடிக்கச்செய்து, படமெடுத்து அனுப்புகிறோம். புரூகலின் தெருவில் அப்படியொரு வரிசை இல்லை. அடுத்த உலருணவு விநியோகத்தில் பதாகையும் கமெராவும் வேண்டாம் என்பது நமது யோசனை. உதவுவோர் கணக்குக் கேட்டால் பொதிகளின் எண்ணிக்கையை எழுதி அனுப்பலாம்.