தகரம் மாற்றினால் போதுமா?



வடகீழ்ப் பருவமழை நெருங்கினால் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் தகரப் பேச்சு எழும். துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிப் புதுசு போடுவதும், சாந்து பெயர்ந்த சுவரைப் பூசி வெள்ளையடிப்பதும் இருக்கிற வீட்டைச் சீராக்கும் வேலை. அவசியமான வேலைதான். பூசுவதற்கு முன் பின்பக்கத்துக் கானை வெட்டி, மேட்டுத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை பூசினாலும் ஈரம் ஏறும்.

ஆனால், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா புதுத் தகரத்தின் கீழும் அதே அளவுதான். பெரிய மனுஷியான பிள்ளை உடுப்பு மாற்ற மறைவு கிடையாது. மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பை அடைத்துத்தான் ஓர் அறை எடுக்க வேண்டும். அப்போது வீட்டின் அமைப்பே மாறுகிறது. அது வேறு வகை வேலை. லயத்தில் நம் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். கூரையோ முழு வரிசைக்கும் ஒன்று. கதவுக்கு இடம் வெட்டினால் மேல் பாரத்தை எது தாங்கும் என்று மேசன் பார்த்துச் சொல்லாமல் யாரும் அலவாங்கைத் தூக்க வேண்டாம்.

அந்தச் சுவர் யாருடையது என்பதுதான் என் மனதை அரிக்கும் கேள்வி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நாலு தலைமுறையாகக் குடியிருப்பவர் கையில் காணி உறுதி இல்லை. சொந்தக் காசில் ஒரு ஜன்னல் வைக்கவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். தகரம் மாற்றும் திட்டங்கள் மழையைத் தடுத்தன, நன்றி. இந்த நிலையை அவை தொடவில்லை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, பாதுகாப்பான இடத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற கோரிக்கை வலுத்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்று தொடங்கிய திட்டத்தோடு மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 550 சதுர அடி. அங்கே ஓர் அறை கூட்டிக் கட்ட இடமுண்டு. உறுதியும் கைக்கு வந்தால்தான் அந்த வீடு முழுமையாகும்.

இஸ்தோப்பை அறையாக்கியவர்கள், சமையலறையைப் பின்னால் இறக்கிக் கட்டியவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். அனுமதி எப்படிக் கிடைத்தது, செலவு என்ன, மேசன் என்ன சொன்னார் என்ற விபரங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்காகவே ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்