கேஷ்பேக் யார் வீட்டுப் பணம்?

பண்டிகைச் செலவைக் கிரெடிட் கார்டில் போட்டால் கேஷ்பேக் வரும், கையைக் கடிக்காது என்ற நம்பிக்கை விதுரா வரைக்கும் ஏறி வந்துவிட்டது. பொன்முடி மலைப்பாதைக்கு அடிவாரத்தில் இருக்கிற ஊர் இது. நெடுமங்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ் ஏறி வேலைக்குப் போகும் அரசு ஊழியர்கள், மருதாமலையில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தில் பணிபுரிகிறவர்கள், வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீட்டார் என்று மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவர்கள் இங்கே நிறைய உண்டு. ஓணம் வரும் சிங்கம் மாதம் பிறந்ததும் இவர்கள் கைபேசிக்கெல்லாம் ஒரே செய்திதான் வருகிறது: ஓணத்துக்குக் கார்டு தேய்த்தால் ஐந்து விழுக்காடு திரும்பக் கிடைக்கும். படித்தவர்களே இதைச் சிக்கனம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இது சிக்கனமே அல்ல என்பதுதான் என் கட்சி. ஒருவர் வாங்கும் கேஷ்பேக்கை இன்னொருவர் கட்டுகிறார். அநேகமாக, வாங்குகிறவரைவிட ஏழையான ஒருவர் கட்டுகிறார்.

பண்டிகையைச் சுருக்கிக்கொள் என்று யாருக்கும் நான் புத்தி சொல்ல வரவில்லை. ‘காணம் விற்றும் ஓணம் உண்ணணம்’ என்று மலையாளிகள் சொல்வார்கள். சொத்தை விற்றாவது ஓணச் சோறு உண்ண வேண்டுமாம். அந்த வீம்பில் எனக்கு மரியாதை உண்டு. பிள்ளைக்கு ஓணக்கோடித் துணி எடுத்துக் கொடுக்க நினைக்கும் தாயிடம் கணக்கு கேட்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்தப் பழமொழிக்காரன் தன்னிடம் இருப்பதை விற்றான். இன்றைக்குக் கார்டு தேய்ப்பவர் அடுத்த மாதச் சம்பளத்தை இப்போதே விற்கிறார். என்ன விலைக்கு விற்கிறார் என்பதை மட்டும் விளம்பரம் சொல்வதில்லை.

விலையைப் பார்ப்போம். 30,000 ரூபாய்க்கு ஓணச் சாமான் வாங்கினால் ஐந்து விழுக்காட்டில் 1,500 ரூபாய் திரும்ப வரும். இதுவும் குறிப்பிட்ட இணையக் கடைகளில், மாத உச்சவரம்புக்குள் வாங்கினால்தான். சந்திப்பில் இருக்கும் மளிகைக் கடையில் தேய்த்தால் பல கார்டுகளில் ஒரு விழுக்காடு, அதாவது 300 ரூபாய். பில் வருகிறது. ஓணம் முடிந்த கையோடு பள்ளிக்கூடச் செலவு, கல்யாண மொய் என்று வரிசையாக வந்து நிற்க, முழுத்தொகையைக் கட்ட முடியவில்லை. பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையான (மினிமம் டியூ) 1,500 ரூபாயை மட்டும் கட்டுகிறார். அந்த நிமிடமே வட்டியில்லாக் காலம் என்ற சலுகை ரத்தாகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்து முழுத்தொகைக்கும் வட்டி ஏறுகிறது. மாதம் 3.75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வாங்கியதற்கும் கட்டியதற்கும் இடையே ஓடிய 40 நாளுக்கு வட்டி ஏறக்குறைய 1,480 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 1,746. கிடைத்த 1,500 அங்கேயே கரைந்துபோய், மேலும் 246 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இவ்வளவும் கடந்துபோன நாற்பது நாளுக்கான வட்டி மட்டுமே. பாக்கி 28,500 ரூபாய்க்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த மாதம் அதே கார்டில் வாங்கும் பாலுக்கும் மருந்துக்கும்கூட முதல் நாளிலிருந்தே வட்டி.

ஆண்டுக்கு 45 விழுக்காடு! கந்துவட்டி என்று நாம் காறித் துப்பும் வட்டிக்கு இது எந்த வகையில் குறைந்தது? 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. வட்டியை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை என்று சொல்லி, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ரிசர்வ் வங்கியோ உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. ஆக, இன்றைய தேதியில் கார்டு வட்டிக்கு மேல்கூரை கிடையாது.

“நான் ஒவ்வொரு மாதமும் முழுத்தொகையைக் கட்டுகிறவன், எனக்கு லாபம்தானே?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் எனக்கு வழக்கு அதிகம். அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? கார்டு தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடமிருந்து ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. கிரெடிட் கார்டில் அது பொதுவாக 2 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்தப் பங்கிலிருந்தும், பில்லைக் கட்ட முடியாமல் திணறுகிறவர்களின் வட்டியிலிருந்தும்தான் வங்கி கேஷ்பேக்கை எடுத்துக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரிசர்வ் வங்கி 2003-இல் வங்கிக்குப் போகும் இந்தப் பங்கைக் குறைத்தது. அதையடுத்து கார்டுப் புள்ளிகளின் மதிப்பும் இறங்கியது. கடைக்காரரிடம் பிடிப்பது குறைந்தால் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதும் குறைகிறது என்றால், அது யாருடைய பணம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடைக்காரர் அந்த இரண்டு விழுக்காட்டைத் தன் வீட்டிலிருந்தா கொண்டுவருவார்? விலையில் ஏற்றுவார். அந்த விலையைக் கார்டுக்காரரும் கொடுக்கிறார், ரொக்கம் நீட்டுகிறவரும் கொடுக்கிறார். ஒருவருக்குத்தான் திரும்பக் கிடைக்கிறது. விதுராவுக்கு மேலே போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வாரிசுகள், எஸ்டேட் முடங்கிப்போய், கூலி பாக்கியும் கைக்கு வராமல் இடியும் லய வீடுகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு எந்த வங்கி கார்டு கொடுக்கும்? காணிப் பழங்குடியினரின் ஊர்களிலிருந்து தேனும் மிளகும் கொண்டுவந்து விற்று, அந்த ரொக்கத்தில் அரிசி வாங்கிப்போகிறவருக்கு யார் கொடுப்பார்? ஓணத்துக்கு ஒரு சட்டைத் துணி எடுக்கும்போது அவர்களும் அந்தக் கட்டணத்தில் தங்கள் பங்கைக் கட்டிவிட்டுத்தான் மலையேறுகிறார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் ஆய்வாளர்கள் 2010-இல் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். ரொக்கத்தில் வாங்கும் சராசரிக் குடும்பம் ஒவ்வொன்றும் கார்டுக்காரர்களுக்காக ஆண்டுக்கு 149 டாலர் கொடுக்கிறது. கார்டு வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது. நம் நாட்டில் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னும் சிறுபான்மை என்பதால் இங்கே தொகை சிறிதாக இருக்கலாம். பணம் பாயும் திசை அதேதான்.

முழுத்தொகை கட்டுகிறவருக்கும் லாபம் உறுதியில்லை. ட்ராசன் ப்ரெலக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் எம்ஐடியில் மாணவர்களுக்குக் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள்; 2001-இல் முடிவு வெளியானது. கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். பண்டிகைக் கடையில் இது எப்படி நடக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். பர்ஸில் எண்ணி வைத்த நோட்டு தீரும்போது கை தானாக நிற்கும். கார்டில் அந்த நிறுத்தம் இல்லை. ஐந்து விழுக்காட்டுக்காக இருபது விழுக்காடு கூடுதலாக வாங்கியவர் எதை மிச்சம் பிடித்தார்?

வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் டிவியும் ஃப்ரிட்ஜும் விற்கப்படுவதும் இதே ரகம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, அது வேறு பெயரில் வசூலாகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. தள்ளுபடியாகக் கிடைத்திருக்க வேண்டிய தொகையே வட்டியாகிறது. ‘பிராசஸிங் கட்டணம்’ தனி.

பண்டிகைச் செலவை உண்மையிலேயே இலகுவாக்கும் வழிகள் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பழசு என்று ஒதுக்குகிறோமே, அதுதான் என்னை வருத்துகிறது. 1969-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில அரசே தொடங்கிய கேஎஸ்எஃப்இ நிதி நிறுவனம், ஊர் ஊராகச் சிட்டி (சீட்டு) நடத்துகிறது. கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்து அயல்கூட்டங்களில் பெண்கள் வாராவாரம் சிறுதொகை சேர்த்து, ஆத்திர அவசரத்துக்கு உள்ளுக்குள்ளேயே கடன் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களின் தீபாவளிச் சீட்டும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் பதிவில்லாத தனியார் சீட்டில் பணத்தோடு ஓடிப்போனவர்கள் பலர். அதனால்தான் அரசு நடத்துவதைச் சொல்கிறேன். மாதம் 2,500 ரூபாய் ஓராண்டு வங்கி ஆர்.டி.யில் போட்டாலும் பன்னிரண்டு மாதத்தில் அதே 30,000 ரூபாய் சேரும், வட்டியும் நம் பக்கம் வரும்.

அரசு ஊழியருக்கு இதற்கும் மேலே ஒரு வசதி இருக்கிறது. 2025 ஓணத்துக்குக் கேரள அரசு 4,500 ரூபாய் போனஸும், போனஸ் வரம்புக்கு வெளியே உள்ளவர்களுக்கு 3,000 ரூபாய் பண்டிகைப்படியும், எல்லோருக்கும் 20,000 ரூபாய் வரை முன்பணமும் அறிவித்தது. முன்பணம் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளப்படும். இதைக் கையில் வைத்துக்கொண்டு 45 விழுக்காட்டுக் கடனை நோக்கி ஓடுவதற்கு என்ன தேவை இருக்கிறது?

தனிமனிதர் கட்டுப்பாட்டோடு இருந்தால் தீர்ந்துவிடும் விஷயம் அல்ல இது. டெபிட் கார்டில் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்தது: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரையுள்ள சிறு கடைக்கு அதிகபட்சம் 0.40 விழுக்காடு, மற்றவர்களுக்கு 0.90. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இலேயே கிரெடிட் கார்டில் வங்கி எடுக்கும் பங்கை 0.3 விழுக்காட்டில் நிறுத்திவிட்டது. இங்கே கிரெடிட் கார்டுக் கட்டணத்தையும் முறைப்படுத்த வேண்டுமா என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு மக்களிடம் கேட்டது. கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும், கார்டு வட்டிக்கும் வேண்டும். கேஷ்பேக் விளம்பரம் வரும் அதே எழுத்தளவில், பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் எத்தனை ரூபாய் போகும் என்பதையும் அச்சிட வேண்டும். அப்படிச் செய்தால் கேஷ்பேக் சுருங்கிவிடும் என்று வங்கிகள் சொல்லும். சுருங்கட்டும். போனக்காட்டு லயத்துக்காரர் கட்டிக்கொண்டிருக்கும் பங்கும் அத்தோடு சேர்ந்து சுருங்கும்.