படகுக்கு முன் சட்டை

ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு படகுத் துறையைப் போய்ப் பாருங்கள். 1984-ல் தொடங்கிய துறை அது. அமைதியான உப்பங்கழியில் சிறிது நேரச் சவாரிதான். அதற்கே லைப் ஜாக்கெட் மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். நல்ல காரியம்!

அதே கழி கடலில் சேருகிறது. அங்கே மீனவர் பலர் வெறும் உடம்போடு அலையைத் தாண்டுகிறார்கள். இது என்ன நியாயம்?

கட்டுமரக் காலம் வேறு. அது கட்டை, மூழ்காது. கவிழ்ந்தாலும் பிடித்து ஏறலாம். இன்று பைபர் படகு, இயந்திரம். தனியே போகிறவர் தவறி விழுந்தால் படகு அவரை விட்டு ஓடிவிடும்!

கம்ப்யூட்டரில் 'மைன்கிராப்ட்' விளையாடும் பையனைக் கேளுங்கள். இரும்புக் கவசம் கிடைக்கும் வரை, 24 தோல் சேர்த்துத் தோல் கவசமாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்பான். சிறுவனுக்குத் தெரிகிறது.

மீனவருக்கு அலட்சியம் என்று பேசுவது தவறு. தடித்த ஜாக்கெட்டோடு வலை இழுத்துப் பாருங்கள், தெரியும். கை மடங்காது, வெயிலில் உடம்பு வேகும். வேலைக்கு ஏற்ற மெல்லிய சட்டை வேண்டும். இயந்திரத்துக்கு மானியம் தரும் அரசு, அந்தச் சட்டையையும் இயந்திரத்தோடு சேர்த்தே கொடுக்கட்டும்.